படகில் நின்றவன் கூப்பிட்ட அப்பா

சுவிஸின் துன் நகரில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். மகன் நான்காம் வகுப்பு, மகள் பாலர் வகுப்பு. ஹோட்டல் சலவை அறையில் என்னோடு வேலை செய்த இந்தோனேசியப் பெண், தான் சின்னவயதில் ரசித்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றின் டிவிடியைப் பிள்ளைகளுக்கென்று தந்தார்.

மூன்று பொடியன்கள் யாருடையதோ படகை அவிழ்த்து, ஒரு சாக்கையும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் போகிறார்கள். இன்னொருவன் கரையில் நிற்கிறான். அவர்கள் பேசுவது எங்களில் ஒருவருக்கும் விளங்காது. படகில் நின்றவன் கரையைப் பார்த்து, “அப்பா? அப்பா?” என்று கத்தினான்.

“அவன் ஏன் அப்பாவைக் கூப்பிடுறான்?” என்று மகள் கேட்டாள்.

டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில், பள்ளிக்கூடக் கடிதம் வந்தால் பிள்ளைகளிடம் அர்த்தம் கேட்கிறவன் நான். அன்றைக்கு அவர்கள் என்னிடம் கேட்டார்கள். அந்தச் சந்தர்ப்பத்தை விட மனம் வரவில்லை.

“அவன்ட அப்பாவைக் காணேல்ல. தேடிப் போறாங்கள்.”

அந்தப் பனிக்காலம் முழுக்க அதே விளையாட்டுத்தான். சோபா படகு, வீடு கூட்டுகிற தும்புத்தடி துடுப்பு, கம்பளத்தில் கால் வைத்தால் முதலை. மகள் முன்னால் நின்று அப்பாவைக் கூப்பிட, நான் குசினிக்குள் இருந்து “வாறன், வாறன்” என்பேன். சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு அம்மா இரண்டு தரம் ஏறி வந்தார்.

ஒரு ஞாயிறு டிவிடி தந்த அந்தப் பெண் தேநீருக்கு வந்தார். மகள் என் கதையை அவருக்கு டொச்சில் முழுக்கச் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். பிறகு மெதுவாகச் சொன்னார்: தங்கள் பாஷையில் அந்தச் சொல்லுக்கு ‘என்ன’ என்று அர்த்தம். தோட்டக்காரன் வருகிறான் என்று கரையில் நிற்கும் கூட்டாளி கத்துகிறான், படகில் நிற்பவனுக்குக் கேட்கவில்லை. சாக்குக்குள் இருப்பது களவெடுத்த மாங்காய்.

மகளின் முகம் சுருங்கிவிட்டது.

“அப்ப நீங்கள் பொய்யோ சொன்னனீங்கள்?”

“எனக்கு விளங்கேல்ல, மகள். விளங்கின மாதிரிச் சொல்லிப்போட்டன்.”

“விளங்காட்டி விளங்கேல்ல எண்டு சொல்லுங்கோவன். நாங்கள் வகுப்பில அப்பிடித்தான்.”

“விடு,” என்றான் மகன். “இவங்கள் கள்ளரெண்டால் இன்னும் நல்லம். முதல்ல இருந்து போடுவம்.”

போட்டோம். அந்தப் பெண் டொச்சில் சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னான். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் எனக்குச் சிரிப்பு வந்துசேரும். மகள் மட்டும் சிரிக்காமல் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள்.

“விளங்கினதோ?”

“இல்லை,” என்றேன் ஓரிடத்தில்.

அவள் எழும்பிப் போய்ப் படத்தை நிறுத்தினாள். எனக்கு விளங்கும்வரை மூவரும் காத்திருந்தார்கள்.