காலுக்கடியில் ஓடிய ரோடு

போன வருடம், கோடைக்காலம். மரக்காணத்தில் ஒரு கல்யாணத்துக்காக நானும் என் மாமியாரும் கோட்டக்குப்பத்திலிருந்து எங்கள் காரில் போய்க்கொண்டிருந்தோம். சில மாதங்களுக்கு முன்புதான் வாங்கியிருந்த பழைய சின்ன கார். "நம்ம தெருவுக்கு இதுதான் சரி. இங்க துபாய்லயே பார்க்கிங் கிடைக்காம நிறைய பேரு சின்ன காருக்கு மாறிட்டாங்க" என்று கணவர் போனில் சொல்ல, பெயின்ட் பளபளப்பைப் பார்த்து வாங்கிவிட்டேன்.

உப்பளங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் திடீரென்று ஆடுகள் குறுக்கே வந்தன. பிரேக்கை மிதித்தேன். பக்கத்து சீட்டில் இருந்த மாமியும் பயத்தில் காலை அழுத்தி ஊன்றினார். படக்கென்று ஒரு சத்தம்.

"யா அல்லாஹ்! காலு... காலு கீழ போயிடுச்சு!"

திரும்பிப் பார்த்தேன். கால்மிதி விலகி, அடித்தகரம் உடைந்து, மாமியின் கால் கெண்டைக்கால்வரை ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. வண்டி இன்னும் உருண்டுகொண்டிருந்தது. ஓட்டை வழியாகத் தார் ரோடு ஓடுவது தெரிந்தது. செருப்பு அதில் தேயும் சத்தம் கேட்டது. எப்படி நிறுத்தினேன் என்றே தெரியவில்லை.

நிறுத்திய பிறகும் காலை எடுக்க முடியவில்லை. தகரத்தின் கூர்முனைகள் கீழ்நோக்கி வளைந்து காலைக் கவ்வியிருந்தன. என் அலறலைக் கேட்டு உப்பளத்தில் வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள்.

"இழுக்காதீங்கம்மா! சதை கிழிஞ்சிடும், அப்படியே இருங்க" என்றார் ஒரு பெண்.

"ஏம்பா, அந்தப் பக்கம் புடி!" என்று ஆண்கள் சேர்ந்து காரின் ஒரு பக்கத்தைக் கையாலேயே தூக்கினார்கள். அந்தப் பெண் ரோட்டில் படுத்து, தன் தலைத்துணியைத் தகரத்துக்கும் காலுக்கும் நடுவே திணித்தார். மெல்ல மெல்லக் கால் வெளியே வந்தது. நீளமாக ஒரு கீறல், அவ்வளவுதான். மாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

மறுநாள் மெக்கானிக் கால்மிதிகளை எடுத்துக் காட்டினார். "கடலோரமாவே நின்ன வண்டிங்க. உப்புக்காத்து தின்னுட்டிருக்குது. மேல மட்டும் பெயின்ட் அடிச்சு உங்க தலையில கட்டிட்டாங்க" என்றார். விரலால் குத்தினார், தகரம் பொலபொலவென்று உதிர்ந்தது.

தினமும் பள்ளிக்குப் போகும்போது, உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து என் மகள் நின்றுகொண்டே வருவது அந்த ஓட்டை விழுந்த இடத்தில்தான்.

அந்த வண்டியை இன்னொருவருக்கு விற்க எங்களுக்கு மனம் வரவில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம். இன்றைக்கும் என் மகள் எந்தக் காரில் ஏறினாலும், அவளுக்கு முன்னால் என் காலை வைத்து ஒருமுறை அழுத்திப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வருகிறது.