வீட்டில் திறந்து கிடக்கும் கறுப்புத் திரை

பக்கத்துக் கட்டடத்தில் எவனோ ஒருத்தன், வெளியூரில் இருக்கும் சர்வருக்குள் தானே நுழைய முடியாதபடி செய்துவிட்டு, அதைச் சரிபண்ண ஆறு மணி நேரம் பஸ்ஸில் போனானாம். லிஃப்டில் யாரோ பேசியதாக வாட்ச்மேன் வந்து சொன்னார். கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தவன் சாவி. எல்லா சர்வர்களுக்குள்ளும் நுழையும் உரிமை அவனிடம் இருந்ததால் அலுவலகம் வைத்த பெயர் அது. "புது விண்டோல உள்ள போய்ப் பார்த்துட்டுதானே பழசை மூடணும்? இதுகூடத் தெரியாம என்ன பொழப்பு!" என்று உபதேசம் வேறு.

அது திங்கட்கிழமை. இன்று வியாழன், காலை பதினொன்று.

ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் இருக்கும் சர்வர். அதுவும் வெளியூர்தான். வேலையை விட்டுப் போனவர்களின் அனுமதிகளை அவன் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டிருந்தான். மேலாளர் அம்மா பின்னாலேயே நின்று, "முடிஞ்சுதாப்பா? மீட்டிங்ல எல்லாரும் உட்கார்ந்திருக்காங்க" என்று உயிரை எடுத்தார். அந்த அவசரத்தில் தன் அனுமதியையும் சேர்த்து நீக்கி, விண்டோவையும் மூடித் தொலைத்தான். கடவுச்சொல் போட்டு நுழையும் வழியைப் போன மாதம்தான் அவனே அடைத்திருந்தான். ஏழு முறை முயன்றான். ஏழு முறையும் மறுப்பு.

நாளை ஆய்வகம் திறப்பதற்குள் அதில் வேலையை முடித்தாக வேண்டும். இங்கிருந்தே உள்ளே நுழைய முடியாவிட்டால் இன்று மாலை பஸ். நாளைக் காலையோ மனைவிக்குக் கண் ஆபரேஷன்.

"பிள்ளை பொறந்தப்பவும் லேப்டாப்பைக் கட்டிட்டு அழுதீங்க. இந்தத் தடவை கதவுக்கு வெளியில உட்கார்ந்திருங்க, போதும்" என்று நேற்றுதான் சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் பொறி தட்டியது. காலையில் வீட்டுக் கணினியிலிருந்து அதே சர்வருக்குள் போனவன், அந்த விண்டோவை மூடாமல் வந்துவிட்டான். ஏற்கெனவே உள்ளே இருப்பவரை சர்வர் வெளியே தள்ளாது. அந்தக் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி அடித்தால் போதும், அவன் அனுமதி திரும்ப வந்துவிடும். மனைவி வேலைக்குப் போயிருந்தாலும் மாமனார் வீட்டில்தான் இருக்கிறார். முப்பது வருஷம் டைப்பிஸ்ட். சொல்லச் சொல்லப் பிசகாமல் அடிப்பார்.

ஆனால் அதே மாமனார்தான் ஆளில்லாத அறையில் எது எரிந்தாலும் அணைக்கிறவர். காலையில் இவன் செருப்பு மாட்டும்போது கணினியைக் காட்டிக் கேட்டாரே:

"மாப்ளே, இது எதுக்கு ஓடுது?"

"சும்மா கிடக்கட்டும் மாமா."

"சும்மா கிடக்கறதுக்கு எதுக்கு கரண்ட்டு?"

நின்று ஒரு வார்த்தை பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, மடையன்.

படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி அவரை அழைத்தான். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தான். மேலாளர் எட்டிப் பார்த்தார்.

"உள்ள போயிட்டியா?"

"போயிட்டே இருக்கேன் மேடம்."

மூன்றாவது முறை. "எடுங்க மாமா. சுவிட்ச்ல மட்டும் கை வெச்சிராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மணி அடித்துக்கொண்டே இருந்தது.