செங்கம் ரோட்டை வேங்கிக்காலாக மாற்றியது

பேனரை அச்சுக்கு அனுப்புமுன் எழுத்துகளை எல்லாம் 'கர்வ்' ஆக்கிவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். எழுத்து வெறும் படமாகிவிடும். அச்சடிப்பவரிடம் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் கோளாறு வராது. ஆனால் பிறகு அடித்துத் திருத்த முடியாது, அதனால் அதற்குமுன் ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நிக்காஹ் கல்யாணப் பேனருக்கு நான் எடுக்கவில்லை. அதே ஃபைலிலேயே சேமித்தேன். அடுத்த வாரம் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்ததில் தமிழ் ஃபாண்டுகளும் போய்விட்டன. என் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சலே இல்லை.

அந்த நிக்காஹுக்கு முந்தின நாள் காலை பெண்ணின் அப்பா கடைக்கு வந்தார். கீழ்பென்னாத்தூரில் மரக்கடை வைத்திருக்கிற பாய். செங்கம் ரோட்டு மஹால்காரர் ஒரே தேதியை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு, இவரை டவுனுக்கு வெளியே வேலூர் ரோட்டில் இருக்கும் வேங்கிக்காலில், அதே பெயரில் இருக்கும் தன் இன்னொரு மஹாலுக்கு மாற்றிவிட்டாராம். பேனரில் 'செங்கம் ரோடு' என்பதை மட்டும் மாற்றி மறுபடி அச்சடிக்க வேண்டும். எல்லோருக்கும் போனில் சொல்லிவிடலாமே என்றேன்.

"சொல்லிட்டேம்மா. ஆனா பத்திரிகைல பழசுதான இருக்குது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேலூர்லேருந்து வேன்ல வராங்க. நாளைக்குப் பௌர்ணமி. தப்பா டவுனுக்குள்ள போய்ட்டாங்கன்னா கிரிவலக் கூட்டத்துல வெளிய வரவே முடியாது."

இந்த ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு பௌர்ணமி பார்க்காமலா தேதி வைப்பார்கள் என்று வாய் வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

கம்ப்யூட்டரோடு வந்த தமிழ் ஃபாண்டில் அடித்துப் பார்த்தேன். எங்கள் பழைய சாஃப்ட்வேருக்கு அது ஒத்துவரவில்லை. கொம்பு ஒரு பக்கம், வ ஒரு பக்கம். நெட்டில் இறக்கிய ஃபாண்டில் கட்டம் கட்டமாக வந்தது. பாய் ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் செய்த தப்பை அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை, அதுதான் இன்னும் சங்கடமாக இருந்தது.

பேனரையே வெறித்துக்கொண்டிருந்தபோது சட்டென்று உறைத்தது. அடிக்க முடியாவிட்டால் என்ன, எழுத்துகள் அதிலேயே கிடக்கின்றனவே. 'வரவேற்கிறோம்' என்பதிலிருந்து வே, கி இரண்டையும் நகலெடுத்தேன். செங்கத்திலிருந்தே ங் கிடைத்தது. நிக்காஹில் க், கா. மஹாலில் ல். நிக்காஹ் பெரிய எழுத்தில் இருந்ததால் அதைக் கொஞ்சம் சுருக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினேன்.

"வேங்கிக்கால்," என்று பாய் எழுத்துக்கூட்டிப் படித்தார். "புதுசா அடிச்ச மாதிரியே இருக்குதும்மா."

எனக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை. மறுநாள் காலை வேலூர் ரோட்டில், மஹாலுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் காத்திருந்தேன். பூமாலை சுற்றிய வேன் ஒன்று வந்தது. வாசலில் இருந்த பேனரைத் தாண்டி டவுன் பக்கம் போய்விட்டது. இருபதடி தள்ளி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்தார். வேன் மெதுவாகப் பின்னால் வந்து மஹாலுக்குள் திரும்பியது.

வாசலில் நின்ற பாய் எதிர்ப்பக்கம் என்னைப் பார்த்துவிட்டு நெஞ்சில் கை வைத்தார். நானும் வைத்தேன்.