மாடில்லாத மாட்டுக்காரர்களும் ஒரு டபுள் பேரலும்

உங்களில் யாராவது சேலை கட்டிக்கொண்டு இரட்டைக் குழல் துப்பாக்கி சுட்டிருக்கிறீர்களா?

போன வெள்ளிக்கிழமை நான் சுட்டேன். வலது தோள் இன்னும் வலிக்கிறது. இதை எழுதும் கையும் அந்தத் தோளைச் சேர்ந்ததுதான்... கையெழுத்து கோணலாக இருந்தால் ஆசிரியர் மன்னிக்க வேண்டும்.

துபாய்க்கு வெளியே, பாலைவன ஓரத்தில் ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் நான் டைப்பிஸ்ட் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். பி.காம். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. உங்களுக்கு அலுத்தால் அடுத்த பாராவுக்குப் போய்விடுங்கள்.

எங்கள் மேனேஜர் மிஸ்டர் வேட், அமெரிக்கர். அவர் ஊரில் ஒரு விளையாட்டு இருக்கிறதாம் - கௌபாய் ஷூட்டிங். நூறு வருஷத்துக்கு முந்தைய மாட்டுக்காரர்கள் மாதிரி தொப்பி, பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, அந்தக் காலத்து மாடல் துப்பாக்கிகளால் இரும்புத் தகடுகளைச் சுட வேண்டும். யார் சீக்கிரம் சுட்டு முடிக்கிறாரோ அவருக்குக் கப். அதை இங்கேயும் ஆரம்பிக்கப் போவதாக அறிவித்தார். கைத்துப்பாக்கியும் ரைஃபிளும் கிளப்பில் இருந்தன. டபுள் பேரல்தான் இல்லை.

"மெம்பர்களுக்கு வாடகைக்குக் கொடுக்க ஒன்று வேண்டும். மலிவாக இருக்க வேண்டும். சரியானதைத் தேர்ந்தெடுக்கும் ஸ்டாஃப், முதல் போட்டியில் அதை வைத்துச் சுடலாம்" என்றார்.

நான் கையைத் தூக்கிவிட்டேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடுத்தவர்கள் எடுத்த மார்க்கைத்தான் டைப் அடித்துக்கொண்டிருக்கிறேன். சுடுகிறவர்கள் நிற்கும் அந்த வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட ஒரு நாள் நின்றதில்லை. ஆசை இருக்காதா?

இன்னொரு கையும் உயர்ந்திருந்தது. ஸ்டோர் கீப்பர் அபூபக்கர் காக்கா. கீழக்கரைக்காரர்; அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். துபாயின் தேரா கடைத்தெருவில் அவரிடம் பேரம் பேசி ஜெயித்த கடைக்காரர் இன்னும் பிறக்கவில்லை என்பது அவரே சொல்லும் செய்தி.

வேட் கொடுத்த விதிப் புத்தகத்தை நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். காக்கா புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பொருளைப் பாத்தா தெரியாதா தங்கச்சி? புஸ்தகம் எதுக்கு?"

லைசென்ஸ் காகிதங்களோடு இருவரும் தேராவில் வேட்டைச் சாமான் விற்கும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கான் பாய், இரண்டு மலிவான டபுள் பேரல்களை மேஜையில் வைத்தார். ஏறத்தாழ ஒரே விலை. ஒன்றில் பளபளவென்று பூ வேலை. பறக்கும் வாத்துகூட இருந்தது. மற்றது மொட்டை. ஆட்டுக்கல் மாதிரி ஓர் அலங்காரமும் இல்லை.

"யே ஆட்டோமேட்டிக் ஹை" என்று வாத்துத் துப்பாக்கியைத் தட்டினார் கான் பாய். சுட்டபின் மடக்கித் திறந்தால் போதும், காலித் தோட்டா தானாகத் தெறித்து வெளியே விழுமாம்.

அவ்வளவுதான். காக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

நம்மவர்களுக்கு 'ஆட்டோ' என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தால் போதாதா? ஆட்டோ ரிவர்ஸ் டேப் ரிக்கார்டர், ஆட்டோ ஃபோகஸ் கேமரா, ஃபுல் ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின்... தண்ணீரே வராத தெருவுக்குக்கூட அந்த மெஷினை பார்சல் கட்டி அனுப்புகிறவர்கள் நாம்.

"காக்கா, தானாத் துப்புற துப்பாக்கி இந்த விளையாட்டுக்கு ஆகாது. விதியிலயே இருக்கு."

"அதே விலையில கூட ஒரு வசதி தர்றான். வேணாங்கிறியே, ஒனக்கு என்ன கிறுக்கா?"

"கூட இருக்கிற வசதிதான் காக்கா இங்க குத்தம்."

"பி.காம் படிச்சா இப்படித்தான் பேச்சு வரும்" என்று கான் பாயிடம் தமிழிலேயே முறையிட்டார் காக்கா. அவரும் தலையாட்டினார்.

காக்கா வாத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மொட்டையைப் பிடித்துக்கொண்டேன். வேட்டுக்குப் பிடித்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கான் பாய் இரண்டையும் கொடுத்தனுப்பினார்.

வேட் வாத்துத் துப்பாக்கியை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு, "அழகாக இருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்" என்றார். என் தலை தானாக நிமிர்ந்தது.

எவ்வளவு நேரம் நிமிர்ந்திருந்தது? பத்து நிமிஷம்கூட இல்லை.

மொட்டையைச் சுட்டுப் பார்த்தோம். நல்ல சத்தம், தகடும் விழுந்தது. ஆனால் காலித் தோட்டா வெளியே வர மறுத்தது. விளையாட்டில், திறந்து ஓர் உதறு உதறினால் இரண்டு தோட்டாக் கூடும் விழுந்துவிட வேண்டும். என்னுடையது விழவில்லை. நான் உதறினேன், குலுக்கினேன், கெஞ்சினேன்.

"புட்டுக்குழல் மாதிரி பின்னாலருந்து குச்சி விட்டுத் தள்ளணும் போல" என்றார் காக்கா. குரலில் துளி வருத்தம் இல்லை.

"குழல் உள்ளே சொரசொரப்பு. மலிவான துப்பாக்கி அப்படித்தான் இருக்கும். பாலிஷ் போட்டால் சரியாகும். வெள்ளிக்கிழமைக்குள் ஆகாவிட்டால் நீ சுட முடியாது" என்றார் வேட்.

நான் முகம் தொங்கிப்போய் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்தேன். பின்னாலேயே காக்கா வந்தார், கையில் மெல்லிய இரும்பு நாரும் பித்தளைக்குப் போடும் பாலிஷும். "வாத்துதான் போச்சு. மொட்டையுமா போகணும்? நகரு."

சாயங்காலம் முழுக்கத் தேய்த்தோம். குழல் கண்ணாடியானது. ஓர் உதறுக்கு இரண்டு கூடும் விழுந்தன. காக்கா இன்னும் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

"தங்கச்சி, என் ஆட்டோவைக் கேலி பண்ணினியே. ஒன்னுதுலயும் ஒரு ஆட்டோ ஒளிஞ்சிருக்கு."

பார்த்தேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேஃப்டி பொத்தான் தானாகப் பின்னால் நகர்ந்து பூட்டிக்கொண்டது. கட்டைவிரலால் முன்னால் தள்ளாமல் சுட முடியாது. மெக்கானிக்கிடம் கொடுத்தால் மாற்றித் தருவாராம். வெள்ளிக்கு முன் நேரமில்லை. "மறக்காமல் தள்ளு" என்றார் வேட். பி.காம் படித்தவளுக்கு இது மறக்குமா?

வெள்ளிக்கிழமை வந்தது. எல்லோரும் தொப்பியும் பூட்ஸுமாக நின்றார்கள். பழைய காலத்து உடை கட்டாயம். நான் சுங்குடிச் சேலையில் போனேன். "நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஊரில் பெண்கள் இதைத்தான் கட்டினார்கள்" என்றேன். வேட் புத்தகத்தைப் புரட்டினார். சேலைக்கு எதிராக ஒரு வரியும் இல்லை. வசதியும்கூட - முந்தானை இடது தோளில், துப்பாக்கி வலது தோளில்.

அடுத்தது புனைபெயர். ஆளுக்கொரு கௌபாய் பெயர் வேண்டுமாம். ஒருவர் செங்கழுகு, ஒருவர் ஒற்றைக்கண் ஓநாய். நான் 'கருப்பையா மகள்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இது உன் நிஜப் பெயர் மாதிரி இருக்கிறதே?" என்றார் வேட்.

"என் அப்பா கருப்பையா மாடு மேய்த்தவர். இங்கே நிற்கிறவர்களில் வேறு யாருடைய அப்பாவாவது மாடு மேய்த்திருக்கிறாரா?"

வேட் சுற்றிலும் பார்த்தார். ஒரு பேங்க் மேனேஜர், இரண்டு எண்ணெய்க் கம்பெனி இன்ஜினியர்கள், ஒரு பல் டாக்டர். தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் போட்டார்.

என் முறை. வெள்ளைக் கோட்டில் நின்றேன். டைமர் கூவியது. தள்ளினேன், சுட்டேன் - இரண்டு தகடும் விழுந்தன. திறந்தேன், உதறினேன், கூடுகள் பறந்தன. புதுத் தோட்டா போட்டேன், மூடினேன், விசையை இழுத்தேன்.

நிசப்தம்.

மறுபடி இழுத்தேன். மறுபடி நிசப்தம். துப்பாக்கி கெட்டுப்போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். காலம் ஓடுகிறது. பின்னாலிருந்து காக்காவின் குரல்: "ஆட்டோ, தங்கச்சி, ஆட்டோ..."

கட்டைவிரல் நகர்ந்தது. மிச்ச இரண்டு தகடும் விழுந்தன.

கப் பல் டாக்டருக்குப் போனது. நான் கடைசிக்கு முந்தின இடம். கடைசி, செங்கழுகு. மார்க் ஷீட்டை நான்தான் டைப் அடித்தேன். என் பெயரை நானே அடித்தது இதுதான் முதல் தடவை. வேண்டுமென்றே மெதுவாக அடித்தேன்.

நேற்று ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். "படிக்கலேன்னா மாடு மேய்க்கத்தான் போகணும்" என்று என்னை மிரட்டியே பி.காம் வரை ஓட்டியவர். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் மாட்டுக்காரங்கன்னியே. மொத்தம் எத்தன மாடு?"

"மாடே கிடையாதுப்பா. காசு கட்டி, வேஷம் போட்டுக்கிட்டு வர்றாங்க."

அப்பா உடனே கணக்குப் போட்டுவிட்டார்.

"ஆள் வேணுமான்னு கேட்டு வையி, ஆத்தா. எனக்கு மாட்டோடயே அனுபவம் இருக்கு."