நான் பாதியில் நிறுத்திய வாசிப்பு

பெரிய யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மலாயாவில் செனாய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணியாக, ஆபீஸ் கணக்கு எழுதுபவனாக இருந்தேன். வாரத்தில் ஆறு நாள் காலைப் பெரட்டில் தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை அவர்களில் கிறிஸ்தவர்களுக்கு வேதம் வாசிப்பேன். பாதிரியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் எல்லாம் நானே. அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது.

பால்மரம் வெட்டும் ஒருவர் ஒருநாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகள் மலேரியாவில் கிடந்து, பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட பிறகு எழுந்துகொண்டவள்.

"ஐயா, புள்ள பொழைச்சா ஆண்டவரு முன்னால பறை அடிக்கிறேன்னு பொருத்தனை பண்ணிக்கிட்டேன். வர்ற ஞாயித்துக்கெழம அடிக்கலாங்களா?"

பார்க்கலாம் என்றேன். மேளத்தோடும் நடனத்தோடும் கடவுளைத் துதிக்கச் சொல்லும் சங்கீதம் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தப் பறை சாவு வீட்டில் அடிபடுவது. அடிப்பவர் என்ன சாதி என்று லயத்து வீடுகள் முழுக்கத் தெரியும். முன்பாயில் உட்காரும் கங்காணி குடும்பங்கள் எழுந்து போய்விடும். கங்காணிகளைச் சொல்வானேன், எனக்கே பிடிக்கவில்லை. அதை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வேதத்தில் இடம் தேடினேன். தேடினால் கிடைக்காமலா போகும்?

ஞாயிறன்று, உங்கள் பாட்டின் இரைச்சல் எனக்கு வேண்டாம் என்று கடவுள் ஒரு தீர்க்கதரிசி வாயிலாகக் கடிந்துகொள்ளும் வசனத்தை எடுத்தேன். அதை மட்டும் வாசித்து, புத்தகத்தை மூடி, ஆராதனை என்றால் அமைதி என்று கால் மணி நேரம் முழங்கினேன். அவர் கடைசிப் பாயில் துணி சுற்றிய பறையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவி எழுந்தார். அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். கையிலிருந்த வேதப் புத்தகத்தில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டி, நான் விட்ட அடுத்த வசனத்தை உரக்க வாசித்தார். நியாயம் ஆறாக ஓட வேண்டும் என்று கடவுள் கேட்கும் இடம் அது.

"இதையும் சேத்துத்தானுங்களே ஐயா ஆண்டவரு சொல்றாரு?"

"பொம்பளைங்க சபையில பேசக்கூடாதுன்னும் எழுதியிருக்கு. உக்காரும்மா."

வேதத்தில் வரும் ஒரு கடிதத்தில் அப்படியும் எழுதியிருக்கிறதுதான். அதே நிருபத்தில், சபையில் ஜெபிக்கும் பெண்களைப் பற்றி வருவதும் எனக்குத் தெரியும். அதை விழுங்கிவிட்டேன். அவர் உட்கார்ந்தார். கங்காணி ஒருவர் மெச்சித் தலையாட்டினார். எனக்கு உள்ளே குளிர்ந்தது. இன்று நினைத்தால் உடம்பே கூசுகிறது.

கூட்டம் கலைந்ததும் கணவர் என்னிடம் வந்தார். கோபப்பட்டுப் பேசுவார் என்று தயாராக நின்றேன். அவர் முகத்தில் பயம்தான் இருந்தது.

"பொருத்தனை நின்னுபோச்சுங்களே. புள்ளைக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே ஐயா?"

"ஆகாது, போ."

அவர் போகவில்லை. "நீங்க படிச்சவங்க. நான் அடிக்கத்தான் வந்தேன்னு ஆண்டவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா."

சொல்கிறேன் என்றேன். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஜெபித்துவிட்டேன். அதை மட்டும் சொல்லவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று ஆண்டவர் கேட்பாரே.