பழைய ஒன்பது பேர்

மச்சான் கரண்டி கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சிட்னிப் புறநகரான மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் குசினியில் மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். எழுபதுகளின் முற்பாதி, குளிர்காலம். அவன் என் மனைவியின் அண்ணன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டாதவன். எங்கள் பின்னறையில் தங்கி, நகரத்தில் ஒரு கட்டிட நிறுவனத்தில் வரைபடம் கீறும் வேலை பார்த்து வந்தான். முன்னால் புட்டும் இறைச்சிக் கறியும் ஆவி பறந்துகொண்டிருந்தன. அவன் தட்டில் கை வைக்கவில்லை.

“தங்கச்சி, ஒரு கரண்டி தா.”

“கேட்டீங்களே கதையை?” என்றாள் மனைவி என்னைப் பார்த்து. “அண்ணா வெள்ளைக்காரனாகிட்டார். இனிக் கத்தியும் முள்ளுக்கரண்டியும் கேப்பார். பிறகு புட்டு வேண்டாம், கிழங்கு அவிச்சுத் தா எண்டுவார்.”

“ஓம், மேசைக்கு வெள்ளைத் துணியும் விரி,” என்று அவனும் சிரித்தான்.

கரண்டியை இடது கையால் வாங்கினான். இடது கையாலேயே சாப்பிட்டான். எங்கள் ஆட்கள் இடது கையால் சோற்றைத் தொடமாட்டார்கள். ஆனால் கரண்டி வந்துவிட்டால் எந்தக் கை என்று யாரும் பார்ப்பதில்லை. பிறகு வீட்டுக்கு வந்தவர்களும் அதை அவனுடைய புது நாகரிகம் என்றே எடுத்துக்கொண்டு கேலி செய்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்திய கிழமை அவன் கையால் சாப்பிட்டதை நான் கவனித்திருந்தேன். கை வாய்க்குப் போகவில்லை. வாய்தான் கைக்கு வந்தது. ஒவ்வொரு பிடிக்கும் தலையைத் தட்டுவரை குனிந்துகொண்டு போனான்.

சிட்னியில் அப்போது பேஸ்போல் குளிர்காலத்து விளையாட்டு. கோடையில் கிரிக்கெட் ஆடியவர்கள் பலர் குளிர்காலத்தில் இதை ஆடினார்கள். மச்சான் யாழ்ப்பாணத்தில் கொலிஜ் அணிக்கு வேகப்பந்து போட்டவன். அலுவலகத்தில் யாரோ அவனுடைய தோளைப் பார்த்துவிட்டு இங்கே ஒரு கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த குளிர்காலமே அவன் அணியின் பிட்சர், அதாவது பந்தெறிபவன், ஆகிவிட்டான். அந்த வருஷம் அவர்கள் கோப்பையை வென்றார்கள்.

அந்தக் கோப்பைதான் அணியைப் பிடித்த நோய். வென்ற ஒன்பது பேரையும் யாரும் அணியிலிருந்து நீக்குவதில்லை என்று ஒரு வழக்கம் அங்கே வந்துவிட்டது. அவரவராக விலகினால்தான் உண்டு. ஒருவரும் விலகவில்லை. நான் சனிக்கிழமைகளில் போக வேறு இடம் இல்லாமல் ஆட்டம் பார்க்கப் போனவன். போகப் போக ரசிகனானேன், நிம்மதி போயிற்று. எண்ணுவது என் பழக்கம். மைதானத்துக்குள் அவர்கள் இறங்கும்போதே எண்ணத் தொடங்குவேன்: எந்த முழங்காலில் கட்டு, எந்த விரலில் பிளாஸ்டர். ஒன்பதில் ஆறு பேராவது ஏதோ ஒன்றைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். பிட்சர் எறியும் பந்தைப் பிடிக்கும் கேட்சர் தண்ணீர்க் குழாய் திருத்துபவர். குந்தியிருந்து பந்தைப் பிடித்துவிட்டு எழும்ப முடியாமல் நிற்பார். நடுவர்தான் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். முதல் பேஸைக் காத்து நின்றவருக்கு முதுகுவலி. மனைவியின் இடுப்புப் பட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார். இவர்களை நம்பித்தான் என் சனிக்கிழமைகள் இருந்தன.

ஆடாதவர்கள் உட்காரும் வாங்கில் இன்னொரு பிட்சர் இருந்தான். இருபத்துமூன்று வயது, தபால்காரன். நல்ல வேகம். வருஷம் முழுவதும் ஜாக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை இறக்கக் கூடாதா என்று பயிற்சியாளரிடம் இரண்டு தடவை கேட்டேன். அவர் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். தனக்குக் கோப்பை வாங்கித் தந்தது அவனில்லை என்று சொல்லிவிட்டு என் தோளில் தட்டினார்.

கரண்டி கேட்ட அந்த ஞாயிறு பின்னேரம் மச்சானிடமே கேட்டேன்.

“நேற்று நூற்றிப்பத்துப் பந்து எறிஞ்சிருக்கிறீர்.”

“அதை எட்டாலை பிரியும் பாப்பம். பதினாலு ஓவர்கூட வராது.” ஆஸ்திரேலியாவில் அப்போது கிரிக்கெட்டில் ஓவருக்கு எட்டுப் பந்து. “கொலிஜ்ல காலமை தொடங்கினா பின்னேரம் வரைக்கும் போட்டனான்.”

“அது கையை நீட்டிப் போட்டது. இது மடக்கி எறியிறது. முழங்கை என்னத்துக்காகும்?”

“நீர் எண்ணுறதை நிப்பாட்டும். எனக்கு நோவும் நிண்டிடும்.”

நோவு என்ற சொல்லை அவன் வாயிலிருந்து அன்றுதான் முதலில் கேட்டேன். சொன்னதை அவனும் கவனித்தான். உடனே பேச்சை மாற்றினான். ஆனால் திங்கட்கிழமை ரயிலில் தானாகவே சொன்னான்: “பலகையை ஒரு சாண் இறக்கிப் போட்டன். மேல்மூலை எட்டுதில்லை.” வரைபலகை அவர்களுக்குச் சுவர்போல நிமிர்ந்து நிற்கும். கையைத் தூக்காமல் அந்த வேலை இல்லை. அவனுக்கு வேறு படிப்பும் இல்லை.

அரையிறுதி ஆட்டம் அந்தச் சனிக்கிழமை. காலையிலிருந்தே வெளிச்சம் வரவில்லை. ரயில்பாதைக்கு அப்பால் இருந்த தொழிற்சாலைப் புகை மேலே போகாமல் மைதானத்தின்மேல் படுத்துக்கிடந்தது. மச்சான் எறியத் தொடங்கினான். ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் முதலாவதில் எவரும் அவன் பந்தை அடித்து ஓடவில்லை. மூன்றாவதிலும் இல்லை. ஐந்தாவதிலும் இல்லை. எனக்கு மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். நான் பந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பேஸ்போலில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு பிட்சரின் பந்தை எதிரணியில் யாருமே அடிக்காமல் ஆட்டம் நீண்டுகொண்டு போனால், அவனுடைய அணியினர் அவனோடு பேசக் கூடாது. பக்கத்தில் இருக்கக் கூடாது. பேசினால் அடி விழுந்துவிடும் என்பது நம்பிக்கை. ஆறாவது இன்னிங்ஸ் முடிந்தபோது ஒவ்வொருவராக வாங்கின் மறு அந்தத்துக்கு நகர்ந்தார்கள். மச்சான் இந்த அந்தத்தில் தனியே இருந்தான். தொற்றுநோய்க்காரனை ஒதுக்கி வைத்ததுபோல இருந்தது.

ஏழாவதும் முடிந்தது. அவன் வந்து உட்கார்ந்து, அவிழ்ந்த சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தான். வலது கை துணைக்கு வரவில்லை. இடது கையால் மட்டும் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, நாடாவைச் சப்பாத்துக்குள் செருகிவிட்டான். கேட்சர் அதைக் கண்டார். கண்டதும் முகத்தை மைதானப் பக்கம் திருப்பிக்கொண்டார். பயிற்சியாளரும் கண்டார். தொப்பியைக் கழற்றி அதற்குள் எதையோ பார்த்தார். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பேசக் கூடாது என்ற வழக்கம் அவர்களுக்கு வசதியாகவும் இருந்தது.

நூற்றுப் பதினெட்டுப் பந்து என்று என் மனதுக்குள் இருந்தது. வாங்குக்குப் பின்னால் இருந்த கம்பி வேலியடிக்குப் போனேன்.

“மச்சான், போதும். தபால்காரனை விடச் சொல்லும்.”

வாங்கின் மறு அந்தத்தில் எல்லாத் தலைகளும் திரும்பின. வாயை மூடு என்று கேட்சர் ஆங்கிலத்தில் சீறினார். என்ன சொன்னேன் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை. பேசினேன் என்பதே போதுமாயிருந்தது.

மச்சான் திரும்பாமலே சொன்னான். “சும்மா இரும். வாயைத் திறந்து காரியத்தைக் கெடுக்காதையும்.”

“கெட்டாக் கெடட்டும். ஏன் கரண்டி கேட்டனீர் எண்டு எனக்குத் தெரியும்.”

இப்போது திரும்பினான். முகம் சாம்பல் நிறத்தில் இருந்தது.

“தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதையும்,” என்றான். எழும்பிப் போய்விட்டான்.

எட்டாவது இன்னிங்ஸின் இரண்டாவது பந்து அது. எறிந்த கணத்தில் ஒரு சத்தம் கேட்டது. வேலிக்கு இப்பால் நின்ற எனக்கே கேட்டது. பந்து மட்டை பிடித்தவனுக்குப் பாதி தூரத்தில் விழுந்து, புல்லில் உருண்டு நின்றது. அதை யாரும் அடிக்கவில்லை. கடைசிவரை மச்சானை யாரும் அடிக்கவே இல்லை. அவன் பந்து கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கை வேறு யாருடையதோபோலத் தொங்கியது. பயிற்சியாளர் அவனுடைய கையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். அவர்கள் எல்லோருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

உடம்பைச் சூடாக்கவும் நேரமின்றித் தபால்காரன் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு ஓடினான். அணி தோற்றது. நான் வாயைத் திறந்ததால்தான் தோற்றது என்று கழகத்தில் பேசிக்கொண்டார்கள்.

முழங்கையில் தசைநார் அறுந்திருந்தது, ஒரு எலும்புத் துண்டும் கழன்றிருந்தது. வெட்டித் தைத்தார்கள். கை பாதிதான் மடங்கியது, பாதிதான் நீண்டது. அலுவலகத்தில் பலகையை இன்னும் இறக்கிப் பார்த்தான். பிறகு அவர்களாகவே அவனைப் பலகையிலிருந்து எடுத்து, மற்றவர்கள் கீறிய படங்களைச் சுருட்டி அடுக்கும் அறையில் விட்டார்கள். வீட்டில் என் மனைவி சாப்பாட்டு மேசையில் அவனுடைய தட்டுக்கு இடப்பக்கம் கரண்டியை வைத்துவிடுவாள். கேட்கும்வரை காத்திருப்பதில்லை. கேலியும் இல்லை.

அடுத்த குளிர்காலம் தொடங்குமுன் ஒரு மாலை பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மச்சானின் அணிச் சட்டை இருந்தது. துவைத்து மடித்து, அதே இலக்கம் மேலே தெரியும்படி கொண்டுவந்திருந்தார். என்னோடு அவர் பேசவில்லை. முன்னறை மேசையில் மச்சானுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு யார் யார் வருகிறார்கள் என்று சொன்னார். கேட்சர் முழங்காலை வெட்டித் திருத்திக்கொண்டு வருகிறாராம். முதுகுக்காரர் வருகிறாராம். அவர் சொல்லச் சொல்ல நான் எண்ணினேன். எட்டு. தபால்காரன் வேறு கழகத்துக்குப் போய்விட்டான்.

“மச்சான், உந்தக் கையாலை ஒரு கரண்டி தூக்கேலாது,” என்றேன் தமிழில்.

அவன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கை இப்போது எவ்வளவோ பரவாயில்லை என்று அவருக்கு ஆங்கிலத்தில் சொன்னான். குசினியில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. என் மனைவி கதவடிக்கு வந்து நின்றாள்.

மச்சான் இடது கையை நீட்டிச் சட்டையை வாங்கினான். வலது கை மேசைக்குக் கீழே, அவன் மடியில் கிடந்தது.