சாவி இல்லாத வளையம்

பள்ளி ஆய்வகத்தில் என் மேசை இழுப்பறைக்குள் ஒரு சாவி வளையம் கிடக்கிறது. எவர்சில்வர் வளையம், அதில் துணிக்கடைக்காரர்கள் இலவசமாகக் கொடுத்த ஒரு பிளாஸ்டிக் மாங்காய், அவ்வளவுதான். சாவி ஒன்றும் கிடையாது. புதிதாக வந்த ஆய்வக உதவியாளர் ஒருமுறை அதைக் குப்பையில் போடப் போனார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அந்த வளையத்தில் ஏழு மாதம் இரண்டு கார் சாவிகள் ஒன்றாகத் தொங்கின. வாசலில் அவை உரசிக்கொள்ளும் சத்தம் கேட்டால் டிரைவர் அக்கா வந்துவிட்டார் என்று தெரிந்துகொள்வேன். இன்று வண்டி கிளம்புமா கிளம்பாதா என்ற கவலையும் கூடவே வந்துவிடும்.

நாங்கள் இருப்பது திருமுல்லைவாயிலில், பள்ளி நசரத்பேட்டையில். ஆவடிக்கு வந்து, பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேர்வதற்குள் முதல் பீரியடுக்கு வேண்டிய தெம்பு தீர்ந்துபோகும். அதனால் ஆசிரியைகள் நான்கு பேர் சேர்ந்து ஒரு காரைப் பேசிக்கொண்டோம். அதை ஓட்டியவரை அண்ணன் என்று கூப்பிடுவோம். பழைய ஊர்க்காரர். ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவர் சட்டை போடும்போதே சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின, பேச்சும் குழறிப்போனது. இரண்டு மாதம் கழித்து அதே கார் அதே நேரத்துக்கு எங்கள் வாசலில் வந்து நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர் மனைவி. "ஊட்டுக்காரு ஓட்ன வண்டி மிஸ். சும்மா நின்னா துரு புடிச்சிடும். நானே வரேன்" என்றார். அவர் என்னைவிட இரண்டு வயது இளையவர் என்று பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கல்யாணமான புதிதில் கணவர் வேடிக்கையாகக் கற்றுக்கொடுத்த டிரைவிங்காம். முதல் நாள் நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். பருத்திப்பட்டு தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். அவ்வளவு நிதானமான ஓட்டு.

வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது அக்கா ஓட்ட வந்த முதல் வாரத்திலேயே. சாவியைத் திருப்பினால் கிர்ர் என்று சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. முன்பலகையில் கார் மேல் பூட்டுப் போட்ட மாதிரி ஒரு சின்னச் சிவப்புப் படம் படபடவென்று கண்சிமிட்டும். நாலு தடவை, எட்டு தடவை திருப்பினால் என்ன தோன்றுமோ, ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பிவிடும். சில நாள் முதல் திருப்பிலேயே எடுத்துக்கொள்ளும், சில நாள் அரைமணி நேரம் தெருவே வேடிக்கை பார்க்கும். பேட்டரியை மாற்றினார்கள். டெர்மினலைச் சுரண்டித் துடைத்தார்கள். ஃப்யூஸ் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தார்கள். எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள், பூசணிக்காயும் உடைத்தார்கள். நானும் என் பங்குக்கு, ஈரப்பதம், தளர்ந்த இணைப்பு, மின்தடை என்று பின்சீட்டில் இருந்தபடியே பாடம் நடத்தினேன். பிளஸ் டூ வகுப்புக்கு இருபது வருடம் இயற்பியல் எடுப்பவள் அல்லவா, வாய் சும்மா இருக்குமா. அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

பாடியில் இருந்த ஒர்க்ஷாப்புக்கு இரண்டு முறை கொண்டுபோனார். அங்கேதான் பெரிய வேடிக்கை. அவர்கள் சாவியை வாங்கிப் போட்டால் பொட்டுப் பிழையில்லாமல் ஸ்டார்ட் ஆகும். பத்து முறை போட்டாலும் பத்து முறையும். அந்தச் சிவப்பு விளக்கு திருட்டுத் தடுப்புக் கருவியுடையது என்றும், தன் சாவி என்று வண்டிக்கு அடையாளம் தெரியாவிட்டால் எஞ்சினை ஓடவிடாது என்றும் சூப்பர்வைசர் விளக்கிச் சொன்னார். "ஆனா உங்க சாவிய அது கரெக்டா கண்டுபிடிக்குதே மேடம்" என்று திருப்பி அனுப்பினார். வீட்டுக்கு வந்தால் மறுபடியும் அதே கதை. அன்றைக்குத்தான் அக்கா என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார். "அவரு ஓட்ன வரிக்கும் ஒரு நாளு நின்னதில்ல மிஸ். ஒர்க்ஷாப்காரன் போட்டா எட்த்துக்குது. நான் போட்டா மட்டும் திருடி வந்தா மாரி பாக்குது. வண்டிக்கு என் கை புடிக்கல." நான் அதட்டினேன். இரும்புக்கு ஏது கை, ராசி எல்லாம் என்று கேட்டேன். ஆனால் பதில் தெரியாதவள் அதட்டுவதில் என்ன பிரயோசனம். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டு கியரை மாற்றினார்.

மற்ற மூன்று ஆசிரியைகளும் ஒவ்வொருவராகப் பள்ளி வேனுக்கு மாறினார்கள். நான் மட்டும் மிஞ்சினேன். பெரிய விசுவாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேனில் எனக்குக் குமட்டும். இதற்கிடையில் அக்காவின் மச்சாண்டார், அதாவது அண்ணனுக்கு மூத்தவர், வண்டியை விற்றுவிட ஆள் பார்த்துவிட்டார். அவர் கெட்டவரில்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் ராத்திரி பகலாக உடனிருந்தவர். "நடுரோட்ல நின்னா ஒத்தப் பொம்பள இன்னா செய்வ? வித்துட்டு எதுனா கடை வெய்யி" என்பதுதான் அவர் நியாயம். ஞாயிற்றுக்கிழமை வாங்குகிறவர் வருவதாகப் பேச்சு. அந்த வண்டி போனால் அந்த வீட்டில் இனி யாரும் வண்டி ஓட்டப் போவதில்லை என்று ஆகிவிடும். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வாசலில் நிற்கும் காரையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணனுக்கு அதற்குப் பிறகு பார்க்க என்ன இருக்கிறது.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி. கடைசியாக ஒரு தடவை ஒர்க்ஷாப்புக்குப் போகலாம், நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். சூப்பர்வைசரை ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வழியெல்லாம் வார்த்தைகளைத் தயார் செய்தேன். பாடி மேம்பாலத்து நெரிசலில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். சூப்பர்வைசர் வந்து சாவிக்குக் கை நீட்டினார். அக்கா வளையத்தை நகத்தால் பிளந்து, ஒரு சாவியைக் கழற்றித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றதை வளையத்தோடு அவரிடம் கொடுத்தார். வழக்கமாகச் செய்கிற காரியம் போலச் சாதாரணமாகச் செய்தார். நான் தயார் செய்த வசனத்தையெல்லாம் விட்டுவிட்டு அக்கா பக்கம் திரும்பினேன்.

"அந்தச் சாவியை ஏன் கழட்டினீங்க அக்கா?"

"அது அவுருது மிஸ். ஆஸ்பத்திரில அவரு சட்டை, வாட்ச்சு, சாவி எல்லாத்தயும் ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. எழுந்து கேக்கறப்ப குடுத்துக்கலாம்னு என் சாவியோட கோத்து வச்சிகினேன். அத்தப் போயி கண்டவங்க கையில எப்டி குடுக்கறது?"

"போன ரெண்டு தடவையும் கழட்டித்தான் குடுத்தீங்களா?"

"எப்பவும் அப்டித்தான்."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்பார்களே, அது என் கதைதான். பரிமாற்று மின்தூண்டல் என்று வருடா வருடம் கரும்பலகையில் இரண்டு கம்பிச்சுருள் வரைகிறேன். சாவித் துவாரத்தைச் சுற்றி இருப்பதும் ஒரு கம்பிச்சுருள்தான். சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது, அதற்கென்று பேட்டரி கிடையாது. துவாரத்தில் இருக்கும் சுருள் தூண்டினால்தான் அது விழித்துக்கொண்டு தன் பெயரைச் சொல்லும். வகுப்பில் உன் பெயர் என்ன என்று கேட்டால் ஒரு பையன் எழுந்து சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் சேர்ந்து கத்தினால் எனக்கு இரண்டு பெயரும் விளங்காது. ஒரே வளையத்தில் இரண்டு சாவி. இரண்டாவது சாவி தள்ளித் தொங்கினால் வண்டி கிளம்பும், முதல் சாவியின் தலையோடு ஒட்டிக்கொண்டால் கிளம்பாது. அக்கா ஓட்ட வந்த நாளிலிருந்துதான் இரண்டும் சேர்ந்து தொங்குகின்றன. ஒர்க்ஷாப்பில் மட்டும் ஒன்று பைக்குள் போய்விடுகிறது.

அந்த இடத்திலேயே சோதித்துப் பார்த்தோம். இரண்டு தலைகளையும் சேர்த்து ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிப் போட்டேன். சிவப்பு விளக்கு படபடத்தது, எஞ்சின் வெறுமனே சுற்றியது. ஒன்றை எடுத்துக்கொண்டு நான் நாலடி தள்ளி நின்றேன். உடனே பிடித்தது. மறுபடி சேர்த்தோம், படபடத்தது. பிரித்தோம், பிடித்தது. பிறகு அண்ணனுடைய சாவியை மட்டும் போட்டோம், அதற்கும் எடுத்துக்கொண்டது. சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். "எங்ககிட்ட ஒத்த சாவிதான் மேடம் வரும். சேத்துக் குடுத்திருந்தா அன்னைக்கே புடிச்சிருப்போம்" என்றார். அதிலும் நியாயம் இருந்ததால் என்னால் சண்டை போட முடியவில்லை. அக்கா ஸ்டியரிங்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப என் கை நல்ல கைதான் மிஸ்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னேனா, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேனா என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது ஒரே சாவிதான் துவாரத்தில் இருந்தது. மற்றதை என்ன செய்வது என்று அக்கா யோசித்துக்கொண்டே வந்தார். ஏதாவது ஓர் ஆணியில் மாட்டிவிடலாம் என்றேன் நான். இதைத்தான் படிப்பு என்கிறோம். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு நேரே உள்ளே போய், ஜன்னலோரத்தில் இருந்தவர் முன்னால் சாவியை நீட்டினார். "இந்தா. இனிமே உன்து உன்னாண்டயே இருக்கணும். என்தோட சேந்தா வண்டி ஓடாது" என்றார். இத்தனை மாதம் அதை அவர் கண்ணில் காட்டவே பயந்ததாக என்னிடம் வழியில் சொல்லியிருந்தார். பார்த்தால் உடைந்துபோவார் என்று பயம். அண்ணன் இடது கையால் வாங்கினார். வலது கை மடியில் மூடிக் கிடந்தது. அந்த விரல்களை இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, மறுபடி மூடிக்கொண்டார். யாரும் உதவவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில், "நீங்க வந்து எங்க மச்சாண்டாராண்ட ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ், நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்று அக்கா போன் செய்தார். போனேன், சொன்னேன். மச்சாண்டார் மரியாதையாகக் கேட்டுவிட்டு, "வாக்குக் குடுத்துட்டேன் டீச்சர். இன்னிக்கி சாவி, நாளிக்கி வேற எதுனா வரும்" என்றார். வாங்க வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியாக வந்து நின்றார். "இன்னொரு சாவி எங்க? ஒத்த சாவி வண்டி நான் எட்க்கறதில்ல" என்றார்.

எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பினோம். மச்சாண்டார் தம்பியிடம் போய்க் குனிந்து, "குட்த்துடு நைனா" என்று மெதுவாகக் கேட்டு, அந்த மூடிய கையைத் தொட்டார். விரல் திறக்கவில்லை. அந்தக் கை தானாகத் திறக்காது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தினமும் காலையில் எண்ணெய் தடவி அக்காதான் பிரித்துவிட வேண்டும். ஆகவே திறக்க முடியவில்லையா, திறக்க மனமில்லையா என்று எங்களால் சொல்ல முடியவில்லை. பிறகு அண்ணன் வாயைத் திறந்தார். ஒரு பக்கம் மட்டும் அசையும் வாய். எழுத்து எழுத்தாகக் கூட்டி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னார்.

"அவ... ஓட்டட்டும்."

மச்சாண்டார் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தம்பி ஒரு முழு வாக்கியம் பேசி ஒன்பது மாதம் கழித்து அன்றுதான் கேட்கிறார். துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தவர், வாங்க வந்தவரின் தோளில் கைபோட்டு டீக்கடைக்கு அழைத்துப் போனார். தனியாகத்தான் திரும்பி வந்தார். அன்று மாலை அக்கா வெற்று வளையத்தை என்னிடம் கொடுத்தார். "இத்தால பட்டது போதும் மிஸ். நீங்க வச்சிக்கங்க, பசங்களுக்குக் காட்டலாம்" என்றார்.

இரண்டு வருடம் ஆகிவிட்டது. வேனுக்குப் போனவர்களில் இருவர் திரும்பி வந்துவிட்டார்கள். காலையில் நான் இரண்டு தெரு நடந்து அக்கா வீட்டு வாசலிலேயே ஏறிக்கொள்கிறேன். ஒரு காட்சியைப் பார்க்கத்தான். நாலு கால் ஊன்றுகோலோடு அண்ணன் வெளியே வருவார், டிரைவர் சீட்டில் உட்காருவார். சாவியைத் துவாரத்தில் நுழைக்கவே சற்று நேரம் பிடிக்கும். முதல் சில மாதம் அக்கா தன் கையை அவர் கைமேல் வைத்துத் திருப்பினார். இப்போது வேண்டியதில்லை. வலது கைதான், மெதுவாகத் திரும்பும், எஞ்சின் பிடிக்கும். கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு அணைத்து, தன் சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குவார். அப்புறம் அக்கா ஏறித் தன் சாவியைப் போடுவார். ஒரு தடவை கிளம்புவதற்கே மானத்தை வாங்கிய வண்டி, இப்போது தினமும் காலையில் இரண்டு தடவை ஸ்டார்ட் ஆகிறது. எங்களோடு புதிதாகச் சேர்ந்து அங்கேயே ஏறும் ஆசிரியை ஒருநாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். லேட்டாகும் என்றால் நீங்கள் வேனில் போங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மின்தூண்டல் பாடம் வரும்போது இழுப்பறையிலிருந்து வளையத்தை எடுத்து மாணவர்களிடம் காட்டுவேன். "சாவி எங்க மிஸ்?" என்று யாராவது கேட்பார்கள். ஒன்று ஓட்டுகிறவரிடமும், ஒன்று ஓட்டப் போகிறவரிடமும் இருக்கிறது என்பேன்.